ஸ்பானிஷ், எரிமலை, கடலாமை: மூன்றையும் ஒரே பயணத்தில் சேர்க்க முடியுமா?

கேட்டவருக்கு இருபத்தேழு வயது, சென்னையில் ஐ.டி. வேலை. வருகிற ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறார். மத்திய அமெரிக்காவுக்குப் போய் ஸ்பானிஷ் படிக்க வேண்டும், எரிமலை ஏற வேண்டும், ராஃப்டிங் போக வேண்டும், கடலாமைப் பாதுகாப்பில் தன்னார்வலராகவும் இருக்க வேண்டும் என்று ஆசை. மொழி, சாகசம், ஆமை மூன்றையும் ஒரே கட்டணத்தில் முடித்துத் தருவதாக ஒரு நிறுவனம் நான்கு வாரப் பேக்கேஜ் ஒன்றை அனுப்பியிருக்கிறது. அதில் சேரலாமா, இல்லை தானே ஏற்பாடு செய்துகொள்ளலாமா என்பது கேள்வி.

தானே செய்துகொள்ளுங்கள். குவாத்தமாலாவிலும் கோஸ்டா ரிகாவிலும் படித்து, பிறகு கரீபியன் கரையில் ஆமைக் குழுக்களோடு வேலையும் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இந்த மூன்றும் சேரும், ஆனால் ஒரே வாரத்துக்குள் சேராது. ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் வர வேண்டும். முதலில் மொழி, அது முடிந்த பிறகு ஆமை. மலையும் ஆறும் வாரக் கடைசிகளில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் அனுப்பிய அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை வகுப்பு, மதியம் இரண்டு முதல் ஐந்து வரை 'ஆமைப் பாதுகாப்புப் பணி', சனிக்கிழமை ராஃப்டிங். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆமை மதியம் மூன்று மணிக்குக் கரையேறாது. ரோந்து என்பது இரவு எட்டு மணிக்கு ஒரு குழு, நள்ளிரவில் இன்னொரு குழு என்று விடியும்வரை போகும் வேலை. அதிகாலை நான்கு மணிக்குக் கால் முழுக்க மணலோடு படுக்கையில் விழுபவர் எட்டு மணி வகுப்பில் வினைச்சொல் உருமாற்றம் படிக்க முடியுமா? அதனால்தான் இந்த மாதிரிப் பேக்கேஜ்களில் மதியப் பணி என்பது கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது, வேலிக்கு வர்ணம் பூசுவது, பலகை எழுதுவது என்று முடிந்துவிடுகிறது. அவையும் தேவையான வேலைகளே. ஆனால் நீங்கள் காசு கட்டுவது அதற்காக அல்ல.

மொழி ஏன் முதலில் என்றால், கடற்கரையில் குழுவை நடத்துபவர் அந்த ஊர்க்காரர். பல இடங்களில் அவரோ அவருடைய அப்பாவோ ஒரு காலத்தில் முட்டை எடுத்து விற்றவர்களாகவே இருப்பார்கள். கரையை அவர்களைப்போல் அறிந்தவர் யாருமில்லை. அவர் இருட்டில் தாழ்ந்த குரலில் சொல்வது எல்லாம் ஸ்பானிஷில்தான். 'நில்', 'உட்கார்', 'விளக்கை அணை', 'ஓதம் ஏறுகிறது, மேலே வா'. ஒவ்வொன்றையும் இன்னொருவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் நீங்கள் அந்தக் குழுவுக்குச் சுமை. மொழி ஓரளவு தெரிந்தால், நான்கு மணி நேர நடையில் அவர் ஊர்க்கதை, அரசியல், மாமியார் சண்டை எல்லாம் சொல்வார். வகுப்பறையில் கற்றதெல்லாம் உண்மையில் அப்போதுதான் உள்ளே இறங்கும்.

எங்கே படிப்பது? கோஸ்டா ரிகாவா, குவாத்தமாலாவா? என் கட்சி குவாத்தமாலா. கோஸ்டா ரிகாவில் பள்ளிகள் பொதுவாக நான்கைந்து பேர் கொண்ட குழு வகுப்பு வைக்கும். குவாத்தமாலாவில் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதே வழக்கம். ஒரு சின்ன மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். தப்பித்து ஓட வழியே இல்லை. முதல் மூன்று நாள் தலைவலி வரும். செலவும் கோஸ்டா ரிகாவில் ஆவதில் ஏறக்குறையப் பாதிதான்.

குவாத்தமாலாவுக்குள் இரண்டு ஊர்கள் இதற்குப் பேர்போனவை. ஆன்டிகுவா அழகான பழைய தலைநகரம், கல் பாவிய தெருக்கள், மூன்று எரிமலைகள் சூழ்ந்த இடம். ஆனால் தெருவில் பாதிப்பேர் வெளிநாட்டவர்; காப்பிக் கடையில் நீங்கள் ஸ்பானிஷில் கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும். கெட்சால்டெனாங்கோ என்பது இரண்டாவது ஊர், எல்லோரும் ஷேலா என்றே சொல்வார்கள். 2,300 மீட்டருக்கு மேல் உயரம், ராத்திரி நன்றாகக் குளிரும், ஊட்டிக்குப் போகும்போது எடுக்கும் ஸ்வெட்டர் தேவைப்படும். சுற்றுலாப் பயணிகள் குறைவு, ஆங்கிலமும் குறைவு. சுற்றுவட்டாரத்தில் பலருக்குத் தாய்மொழி கிச்சே போன்ற மாயா மொழிகளில் ஒன்று. அவர்களும் ஸ்பானிஷைக் கற்றுக்கொண்டவர்களே. ஆரம்பநிலைக்காரருக்கு ஷேலாதான் என்பேன். ஆன்டிகுவாவுக்கு வாரக் கடைசியில் போய்க்கொள்ளலாம்.

தங்குவதற்கு விடுதி வேண்டாம், வீட்டுத் தங்கல் எடுங்கள். பள்ளிகளே குடும்பம் பார்த்துக் கொடுக்கும், மூன்று வேளைச் சாப்பாட்டோடு. பாட்டி, பேரன், தொலைக்காட்சித் தொடர் என்று சாயங்காலமும் வகுப்பு தொடரும். கருப்பு பீன்ஸ், சோள டார்ட்டியா, முட்டை, வறுத்த நேந்திரம் வகை வாழைப்பழம் இவைதான் அன்றாடம். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'இறைச்சி சாப்பிடமாட்டேன்' என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கோழி, மீன் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் வீடுகளும் உண்டு, 'சின் மன்டேக்கா' என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு நல்ல செய்தி. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கும் வெள்ளைக்கார நண்பர்கள் முட்டிக்கொண்டு நிற்கும் சில இடங்களைத் தமிழர் நடந்தே தாண்டிவிடலாம். 'மே குஸ்தா' என்பதை அவர்கள் வாரக்கணக்கில் குழப்பிக்கொள்வார்கள். நமக்கு அது அப்படியே 'எனக்குப் பிடிக்கும்'. 'மே துவேலே' என்றால் 'எனக்கு வலிக்குது'. வினைச்சொல்லின் வால் பகுதியே யார் என்று சொல்லிவிடுவதால் நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. 'வந்தேன், வந்தாய்' போலவேதான். 'உஸ்தேத்' என்பது 'நீங்க'. கோஸ்டா ரிகாவில் பலர் வீட்டு நாயைக்கூட 'உஸ்தேத்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள், எனவே மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். நமக்குச் சிக்கல் வேறு இடத்தில்: பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் ஆண்பால் பெண்பால், இரண்டு விதமான 'இரு' வினை, பிறகு ஆசை, சந்தேகம் போன்றவற்றைச் சொல்லும்போது வரும் அந்தப் பாழாய்ப்போன சப்ஜங்க்டிவ் வினை வடிவம். கடைசியைப் பற்றி முதல் மாதம் கவலைப்படாதீர்கள்.

சுத்தமாக ஒன்றும் தெரியாமல் விமானம் ஏறாதீர்கள். எண்கள், கிழமைகள், நிகழ்காலம், சாப்பாட்டுச் சொற்கள் இவ்வளவையும் இங்கேயே படித்துவிட்டால், அங்கே முதல் வாரக் காசு மிச்சம். எண்கள் என்று சொன்னது சும்மா இல்லை. ஆமை வேலையில் பாதி எண்கள்தான்: முட்டை எத்தனை, ஓட்டின் நீளம் எத்தனை, துடுப்பில் மாட்டிய அடையாளப் பட்டையின் எண் என்ன, மணி என்ன.

மலை விஷயத்துக்கு வருகிறேன். ஷேலாவிலிருந்து வாரக் கடைசியில் தஹுமுல்கோ ஏறலாம், 4,220 மீட்டர், மத்திய அமெரிக்காவிலேயே உயரமானது. ஏறுவது கஷ்டமில்லை, உயரம்தான் படுத்தும். வந்து இறங்கிய முதல் வாரமே போகாதீர்கள், ஷேலாவின் உயரத்துக்கு உடம்பு பழகட்டும். ஊரில் கெட்சால்ட்ரெக்கர்ஸ் என்று ஒரு குழு இருக்கிறது. வழிகாட்டிகள் தன்னார்வலர்கள், வருமானம் ஏழைக் குழந்தைகளின் படிப்புக்குப் போகிறது.

எல்லோரும் கேட்பது அகாதெனாங்கோவைப் பற்றி. 3,976 மீட்டர். ராத்திரி கூடாரத்தில் தங்கினால் எதிரே ஃபுயேகோ எரிமலை நெருப்பைக் கக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். படங்களில் பார்ப்பது பொய்யில்லை, ஆனால் படத்தில் வராதவை இரண்டு. ஒன்று, ஃபுயேகோ வேடிக்கைக்காக வெடிப்பதில்லை; 2018 ஜூன் 3 அன்று அதன் அடிவாரத்தில் சான் மிகேல் லோஸ் லோதேஸ் என்ற குடியிருப்பே எரிசாம்பலில் புதைந்து, நூற்றுக்கணக்கானோர் இறந்தும் காணாமலும் போனார்கள். சில வழிகாட்டிகள் கூடுதல் காசுக்கு ஃபுயேகோவின் முகடு அருகே கூட்டிப்போவார்கள்; நான் போக மாட்டேன். இரண்டு, குளிர். 2017 ஜனவரியில் அகாதெனாங்கோவில் மலையேறிகள் குளிரில் விறைத்தே இறந்திருக்கிறார்கள். ஜூலையில் அங்கே மழைக்காலம். மாத நடுவில் சில நாள் மழை விடும், அதை நம்பித் தேதி குறிக்க முடியாது. மேகம் மூடினால் எரிமலையும் தெரியாது, நனைந்த உடைதான் மிச்சம். நிறுவனம் தரும் வாடகை ஜாக்கெட்டைக் கையில் வாங்கி ஜிப் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ராஃப்டிங்குக்குக் கோஸ்டா ரிகாவின் பகுவாரே ஆறு. துரியால்பா ஊர்ப்பக்கம், கடினத்தில் மூன்று நான்காம் வகுப்பு வேகப்பாய்ச்சல்கள், இரு கரையிலும் மழைக்காடு, இடையிடையே அருவி நேராகப் படகுக்குப் பக்கத்தில் விழும். மழைக்காலத்தில் நீர் நிறைய இருப்பதால் ஜூலை, ஆகஸ்ட் நல்ல நேரமே. வெள்ளம் அதிகமானால் அன்று படகு இறக்க மாட்டார்கள். அப்படி ரத்து செய்கிற நிறுவனம்தான் நல்ல நிறுவனம், கோபப்படாதீர்கள். இந்த ஆற்றில் நீர்மின் அணை கட்டும் திட்டம் பல காலம் இருந்தது. துரியால்பா மக்கள் 2005இல் வாக்கெடுப்பில் அதை நிராகரித்தார்கள். 2015இல் அரசு இந்த ஆற்றிலும் சவெக்ரே ஆற்றிலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அணை கூடாது என்று ஆணை போட்டது. எதிர்ப்பில் முன்னால் நின்றவர்களில் படகு வழிகாட்டிகளும் உண்டு. சாகசம் வேறு, பாதுகாப்பு வேறு என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். அந்த ஊரில் ஆறு ஓடினால்தான் அவர்களுக்கு அடுப்பு எரியும். நீச்சல் தெரியாதவரையும் உயிர்ச்சட்டை மாட்டிக் கூட்டிப்போவார்கள், ஆனாலும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழிகாட்டிகள் கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். ஸ்பானிஷ் படகு கேளுங்கள், 'அதெலான்தே' என்றால் முன்னே துழாவு, 'அத்ராஸ்' என்றால் பின்னே.

ஜிப்லைன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மோன்தேவெர்தே மேகக்காட்டுக்குப் போனால் கம்பியில் சறுக்குவதை விட்டுவிட்டு, விடிகாலையில் ஒரு வழிகாட்டியோடு நடந்துவிட்டு வாருங்கள்.

இனி ஆமை. தேதியை முடிவு செய்ய வேண்டியது இதுதான். மற்றவை எந்த மாதத்திலும் நடக்கும், ஆமைக்கு மட்டும் பருவம் உண்டு. கோஸ்டா ரிகாவின் கரீபியன் கரையில் தோர்துகேரோ என்ற இடம், மேற்குப் பாதி உலகத்தில் பேராமைகள் (பச்சைக் கடலாமைகள்) மிக அதிகமாக முட்டையிடும் கரை. பருவம் ஜூலை முதல் அக்டோபர் வரை. உங்கள் விடுப்புக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையாது. தோல்முதுகு கொண்ட ஏழுவரி ஆமையைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தால் மார்ச் முதல் ஜூன் வரை போயிருக்க வேண்டும். தோர்துகேரோவுக்குச் சாலை கிடையாது. பஸ்ஸில் லா பவோனா வரை போய், அங்கிருந்து படகு. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1950களில் இங்கே ஆமைகளுக்கு அடையாளப் பட்டை மாட்டத் தொடங்கினார். அதையொட்டி 1959இல் உருவான அமைப்புதான் இன்றைய ஸீ டர்ட்டில் கன்சர்வன்சி. ஆமையை வெட்டி விற்ற கிராமம் இன்று ஆமையைக் காட்டிப் பிழைக்கிறது.

ஒரு ராத்திரி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கருப்போ கரும்பச்சையோ முழுக்கை உடை. கொசு மருந்தை முன்னாலேயே பூசிக்கொண்டு கையைக் கழுவிவிட வேண்டும், முட்டைமேல் படக்கூடாது. செல்போன் அறையிலேயே. வெள்ளை விளக்கு கூடவே கூடாது, சிவப்பு விளக்கும் குழுத் தலைவரிடம் மட்டும். நிலா இல்லாத நாளில் உங்கள் கால் உங்களுக்கே தெரியாது. கடல் கொண்டுவந்து போட்ட மரத்தடிகளில் முட்டி இடித்துக்கொண்டு நடக்கக் கற்றுக்கொள்வீர்கள். திடீரென்று தலைவர் நிற்பார். மணலில் டிராக்டர் சக்கரம் போன மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து மேலேறிப் போயிருக்கும். ஏறிய தடம் மட்டும் இருந்தால் ஆமை இன்னும் மேலே இருக்கிறது என்று அர்த்தம். தலைவர் மட்டும் தவழ்ந்து போய்ப் பார்ப்பார். குழி தோண்டி முடித்து முட்டை விட ஆரம்பித்தால்தான் நம்மைக் கூப்பிடுவார், ஏனென்றால் அதற்கு முன்னால் சின்ன அசைவு பட்டாலும் அது திரும்பிக் கடலுக்குப் போய்விடும்.

பின்னால் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். பின்துடுப்பு இரண்டும் குழியைத் திரைபோட்டு மறைத்திருக்கும். ஈரப் பிசுக்கோடு முட்டைகள் ஒன்றும் இரண்டுமாக, சில சமயம் மூன்றாக விழும். ஒவ்வொன்றுக்கும் கையிலுள்ள எண்ணும் கருவியை அழுத்த வேண்டும். பேராமை ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டைக்கு மேல் இடும். எண்பதைத் தாண்டும்போது தோள் மரத்துப்போகும், கண்ணிமையில் மணல் ஒட்டும், அசைய முடியாது. முட்டை முடிந்ததும் முன்துடுப்புகளில் பட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் உலோகப் பட்டை மாட்டுவார்கள், நாடா வைத்து ஓட்டின் நீளம் எடுப்பார்கள். நீங்கள் எண்ணைச் சொல்ல, இன்னொருவர் குறித்துக்கொண்டு திருப்பிச் சொல்வார். இங்கேதான் அறுபதுக்கும் எழுபதுக்கும், 'செசென்டா', 'செதென்டா' என்று, காது தடுமாறும். தப்பாக எழுதினால் அந்த ஆமையின் வரலாறே தப்பாகிவிடும் என்பதால் மூன்று முறை கேட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு அது மணலை வாரி உங்கள் முகத்தில் அடித்துக் குழியை மூடும்.

எல்லா ராத்திரியும் இப்படி இருக்காது. மழையில் நான்கு மணி நேரம் நடந்து ஒரு ஆமையும் பார்க்காமல் திரும்பும் நாள்களும் உண்டு. காலையில் போனால் ஜாகுவார் தின்றுவிட்டுப் போன ஆமை கிடக்கும். தோர்துகேரோவில் அது சகஜம், அதையும் குறித்துக்கொள்வார்கள். அந்தக் கடலில் குளிக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம், இழுப்பு பலமானது. இன்னொன்று: தோர்துகேரோ இருக்கும் லிமோன் மாகாணத்தில் ஜமைக்காவிலிருந்து ரயில்பாதை போடவும் வாழைத் தோட்டத்துக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நிறைய, கிரியோல் ஆங்கிலம் பேசுவார்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். தேங்காய்ப்பாலில் வேகும் அவர்கள் ஊர்ச் சோறும் பீன்ஸும் தின்று பார்த்தால், மாறியதை மன்னித்துவிடுவீர்கள்.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணை நன்றாகத் திறந்து வையுங்கள். இந்தத் துறையில் நல்லவர்களும் உண்டு, 'பாதுகாப்பு' என்ற பலகை மாட்டிக் கடை நடத்துபவர்களும் உண்டு. குட்டி ஆமையைக் கையில் வைத்துப் படம் எடுக்கலாம், தேவாங்கு போன்ற அந்த ஸ்லாத்தைத் தூக்கிக் கொஞ்சலாம் என்று விளம்பரத்தில் இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். காட்டு விலங்கோடு செல்ஃபி வேண்டாம் என்று கோஸ்டா ரிகா அரசே 2019இல் பிரசாரம் தொடங்கியது. பசிபிக் கரையில் ஒஸ்தியோனால் என்ற இடத்தில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறும். 2015 செப்டம்பரில் அதைப் பார்க்க வந்த கூட்டம் கரையை அடைத்துக்கொண்டு, குழந்தைகளை ஆமைமேல் உட்காரவைத்துப் படம் எடுக்க, முட்டையிட வந்த ஆமைகள் கடலுக்கே திரும்பின. அன்பில்லாமல் நடந்ததல்ல அது. ஆமையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள்தான் எல்லோரும்.

அதே ஒஸ்தியோனாலில் ஊர்க்காரர்கள் பெருங்கரையேற்றத்தின் தொடக்கத்தில் இடப்படும் முட்டைகளைச் சட்டப்படி எடுத்து விற்கிறார்கள். கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் அடுத்தடுத்த நாள் வரும் ஆமைகள் முதல் முட்டைகளைத் தோண்டி உடைத்துவிடும் என்பதால் அவை பெரும்பாலும் வீண்தான். பதிலுக்கு அந்த ஊர் கரையைக் காவல் காக்கிறது. குவாத்தமாலாவில் ஹவாய் என்ற மீனவக் கிராமத்தில் வேறொரு ஏற்பாடு: முட்டை எடுப்பவர் ஒவ்வொரு கூட்டிலும் இருபது சதவீதத்தைக் குஞ்சு பொரிப்பகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அங்கே ஆர்காஸ் என்ற காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பு பொரிப்பகம் நடத்துகிறது, தன்னார்வலரையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு ஏற்பாட்டையும் குறைசொல்லலாம், விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள். ஏழைக் கிராமத்தில் 'தொடாதே' என்று மட்டும் சொல்லி ஒரு ஆமையையும் காப்பாற்ற முடியாது என்பதை இந்தக் கரைகளில் ஒரு மாதம் இருந்தால் புரியும். உங்கள் திட்டத்திடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இதைப் பற்றித்தான்: ஊர்க்காரர்கள் எத்தனை பேர் சம்பளத்தில் இருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி பாதுகாப்பு. லிமோனுக்குப் பக்கத்தில் மொயின் கடற்கரையில் 2013 மே 31 அதிகாலையில், ஹைரோ மோரா என்ற இருபத்தாறு வயது ஆமைப் பாதுகாவலரை முட்டைத் திருடர்கள் கொன்றார்கள். கூட ரோந்து போன நான்கு பெண் தன்னார்வலர்கள் கட்டிப்போடப்பட்டுத் தப்பினார்கள். முதல் விசாரணையில் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரும் விடுதலை. மறுவிசாரணையில் 2016இல் நான்கு பேருக்குத் தண்டனை. போதைமருந்துக் கடத்தலும் முட்டைத் திருட்டும் ஒரே கரையில் கலந்த இடம் அது. பயமுறுத்தச் சொல்லவில்லை, எல்லாக் கரையும் மொயின் அல்ல. ஆனால் ரோந்தில் திருடரைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். 'விலகி வந்துவிடுவோம், காவல்துறைக்குச் சொல்வோம்' என்பதுதான் சரியான பதில். வீரம் பேசுகிற இடத்துக்குப் போகாதீர்கள்.

'நான் உழைக்கப் போகிறேன், எதற்குக் காசு கட்ட வேண்டும்?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் வாரம் நீங்கள் பயிற்சியில் இருப்பீர்கள், உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே ஒருவர் தேவை. உங்கள் சாப்பாடு, படகு, கட்டில் போக மீதிதான் அந்த ஊர்க்காரரின் சம்பளம். வெளிப்படையாகச் சொன்னால், உங்கள் கையைவிட உங்கள் கட்டணம்தான் அங்கே அதிக வேலை செய்கிறது. அதற்காகவே ஒரு வாரத்துக்குப் போவதைவிட மூன்று நான்கு வாரம் இருங்கள். இடைத்தரகர் இல்லாமல் திட்டத்துக்கே நேரே கட்டுங்கள். உங்கள் பேக்கேஜ் விலையில் எவ்வளவு கடற்கரைக்குப் போகிறது என்று அந்த நிறுவனத்தைக் கேட்டுப் பாருங்கள், பதிலே போதும்.

ஊரில் ஒரு ராத்திரியாவது இதைச் செய்து பார்த்துவிட்டுப் போவது உத்தமம். ஒஸ்தியோனாலுக்கு வரும் அதே பங்குனி ஆமை இனம்தான் நம் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் வருகிறது. சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988இலிருந்து பருவம் முழுக்க ராத்திரி நடை போகிறது, பொதுமக்களும் கூடப் போகலாம். ஜனவரியிலிருந்து மார்ச்வரை எப்போதாவது ஒரு நடைக்குப் போய்ப் பாருங்கள். மணலில் பல கிலோமீட்டர் தூக்கம் கெட்டு நடப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், விமான டிக்கெட் காசு மிச்சம்.

இப்போது காகித வேலை. சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். மாட்ரிட் வழியாக இரண்டு நாட்டுக்கும் நேர் விமானம் உண்டு, ஆனால் ஐரோப்பிய நிலையங்கள் சிலவற்றில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இடைமாற்று விசா கேட்பார்கள். இரண்டு நாட்டுத் தூதரகமும் டெல்லியில் இருக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் வேலை பெருமளவு சுலபம், இருந்தாலும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு எத்தனை நாள் அனுமதி என்பதை எழுத்தில் வாங்குங்கள். கோஸ்டா ரிகாவில் முதல் அனுமதி ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜூலையில் நான்கு வாரம் குவாத்தமாலா, ஆகஸ்டில் நான்கு வாரத்துக்குள் கோஸ்டா ரிகா என்று நான் பிரித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயத்தில் பலர் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். கோஸ்டா ரிகாவும் குவாத்தமாலாவும் நோய்ப் பட்டியலில் இல்லை. ஆனால் 'பக்கத்தில்தானே' என்று பனாமாவுக்கோ கொலம்பியாவுக்கோ எட்டிப்பார்த்துவிட்டு வந்தால், சான்று இல்லாதவரை இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டுக்கொள்ள வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். நம்மூர்ப் பயணக் காப்பீடுகள் பல, சாகச விளையாட்டையும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றத்தையும் விலக்கிவைக்கும். ராஃப்டிங், நாலாயிரம் மீட்டர் இரண்டும் உள்ளடங்குமா என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியது இதுதான்: முதலில் ஆமைத் திட்டத்துக்கு எழுதி ஆகஸ்ட் தேதியை உறுதி செய்யுங்கள், அங்கேதான் கட்டில்கள் குறைவு. அந்தக் கடிதத்தை வைத்து விசா. மொழிப்பள்ளிக்குக் கடைசியில் எழுதினாலும் இடம் கிடைக்கும். ஷேலாவில் முதல் வாரத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள், ஆசிரியர் ஒத்துவராவிட்டால் வெள்ளிக்கிழமை மாற்றிக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.